சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல

காது கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் நம் ஊரில் முதலில் வரும் பதில், "அழுக்கு அடைச்சிருக்கும்." அடுத்தது, "வயசாகுதுல்ல." குமாரபாளையத்தில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: "தறிக்காது." விசைத்தறிக் கொட்டகையில் இருபது முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் காது மந்தமாவதை அங்கே யாரும் ஒரு வியாதியாகவே நினைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு. தறிகள் ஓடும் கொட்டகைக்குள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த விதி எந்த மூலைக்கு என்று தெரியும். வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவார்கள். டி.வி.யைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார்கள்.

என் பெரியம்மாவுக்குக் காது போனபோது இந்த மூன்று பதிலும் வரிசையாக வந்தன. மூன்றுமே பொருந்தவில்லை. அவருக்கு இரைப்பையில் வந்த புற்றுநோய், அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து ஓய்ந்துவிட்டதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து இரண்டு காது நரம்புகளையும் பிடித்திருந்தது.

"வயித்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?" எங்கள் சொந்தத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். பெரியம்மா கடைசிவரை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர் கேட்டது வேறு.

முதலில் வயிற்றுக் கதை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பல வீடுகளில் நடக்கும் கதைதான். இரண்டு இட்லி சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். நெஞ்சு கரிக்கும். "கேஸ் டிரபிள்" என்று ரோஸ் கலர் மருந்து பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது. ஜாக்கெட் தொளதொளத்ததைப் பார்த்து, "இளைச்சது நல்லதுதான், மூட்டுவலி குறையும்" என்று சொன்னவர்களும் உண்டு. மலம் கறுப்பாகப் போகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எண்டோஸ்கோப்பி. பயாப்சி ரிப்போர்ட்டில் 'சிக்னெட் ரிங் செல்' என்று இருந்தது. இரைப்பைப் புற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், தனித்தனி செல்லாகப் பிரிந்து பரவும் குணமுள்ள வகை அது. அப்போது அந்த வார்த்தையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டி எவ்வளவு பெரிசு, எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமியை, இரைப்பைப் புற்றை உண்டாக்கும் முதல் வகைக் காரணி என்று 1994இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு நிரூபித்தவர். நான் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் "உவ்வே" என்பார்கள். ஆனால் வருஷக்கணக்கில் ரோஸ் மருந்து குடிக்கும் ஒருவரை ஒருமுறை இந்தக் கிருமிக்குப் பரிசோதித்துவிடலாம் என்கிற எண்ணம் மட்டும் இன்னும் மருந்துக்கடைக் கவுண்டர் வரை வந்து சேரவில்லை.

இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்தார்கள். சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்தார்கள். பெரியம்மாவிடம் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: "வயித்துல புண்ணு. வெட்டி எடுத்தாச்சு. மறுபடியும் வராம இருக்க டிரிப்ஸ் ஏத்தறாங்க." முடி கொட்டியதற்கு "மருந்துச் சூடு." என் அண்ணன், அதாவது பெரியம்மாவின் மகன், ஒவ்வொரு டாக்டரிடமும் முதலில் சொல்லும் வாக்கியம் ஒன்றேதான்: "அவங்களுக்குத் தெரியாதுங்க சார்." டாக்டர்களும் பழகியவர்கள். "பேஷன்ட் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்பார்கள். பெரியம்மா எழுந்து போய் வராண்டா பெஞ்சில் உட்காருவார். தன் உடம்பைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வது அவருக்கு அப்படித்தான் பழகியிருக்க வேண்டும்.

காது விஷயம் போனில் தொடங்கியது. திருப்பூரில் இருக்கும் அக்கா, "அம்மா பேசப் பேச வெச்சுடறாங்க" என்று கோபப்பட்டாள். பெரியம்மா போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு, வலதிலிருந்து இடதுக்கு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "டவர் இல்ல" என்று வைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தார்.

"கத்தாத கண்ணு. சத்தம் நல்லாக் கேக்குது. பேச்சுத்தான் கேக்கல."

இந்த ஒரு வரி எவ்வளவு சரியான மருத்துவக் குறிப்பு என்று பிறகு புரிந்தது. செவிப்பறையிலோ நடுக்காதிலோ கோளாறு என்றால் சத்தத்தைக் கூட்டினால் போதும், வார்த்தை தெளிவாகிவிடும். உள்காதில் இருக்கும் மயிர் செல்கள் கெட்டுப்போனால் கீச்சு ஒலிகள் முதலில் மறையும். பேச்சில் 'ச', 'ஸ', 'த' எல்லாம் உதிரும். நரம்பே பழுதானால் நிலைமை வேறு. ஒலி வந்து சேரும். ஆனால் அதை வார்த்தையாக அடுக்கித் தரும் கால ஒழுங்கு குலைந்துவிடும். சத்தம் இருக்கிறது என்று தெரியும், என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சல்தான் கூடும்.

இதற்கிடையில் அண்ணன் ஒரு காது மெஷின் கடைக்குக் கூட்டிப்போய், அங்கேயே ஒரு பரிசோதனை செய்து, இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிவிட்டார். கணிசமான பணம். கடைக்காரர், காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தைப் பார்த்து "தறிக்காதுதான்" என்று உறுதியாகச் சொன்னாராம். பெரியம்மா இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "உள்ள ஏற்கெனவே தறி ஓடுது. இதுல இது வேறயா?" என்றார். காதுக்குள் இரைச்சல் அப்போதே ஆரம்பித்திருந்தது. ராத்திரி ஷிப்ட் நடக்கிற மாதிரி விடிய விடிய ஓடுகிறது என்றார். தறியில் நாடா போய் மோதும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனது அதற்குப் பிறகு. வயதானவர், அவசரப்படாதவர். காதுக்குள் பார்த்தார், அழுக்கு இல்லை. ஒரு டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றியில் வைத்தார், காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், காதுக்கு முன்னால் பிடித்தார். 512 ஹெர்ட்ஸ் அதிரும் ஒரு இரும்புக் கவை, நூற்றாண்டு தாண்டிய சோதனை. பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு சத்தம் புகாத அறையில் முறையாக எடுத்த ஆடியோகிராம். அதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. அது உண்மையிலேயே தறியின் வேலை; இரைச்சலில் உழைத்தவர்களின் வரைபடத்தில் அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும். ஆனால் கோடு மொத்தமாகவே கீழே இறங்கியிருந்தது, இரண்டு காதிலும். எளிய தமிழ்ச் சொற்களைச் சத்தமாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னபோது பெரியம்மாவால் சிலதைத்தான் பிடிக்க முடிந்தது. கோடு காட்டிய அளவுக்குக்கூட வார்த்தை வரவில்லை.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அண்ணனிடம் கேட்டார். "ரெண்டு காதும் ஒண்ணாவா போச்சு?"

"ஆமாங்க, ஒரு வாரம் முன்ன பின்ன."

"தலைவலி?"

காலையில் எழும்போது தலைவலி இருந்தது. வாந்தியும் இருந்தது. வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு வாந்தி வந்தால் வயிற்றைத்தான் சந்தேகப்படுவோம். எழுந்து நடந்தால் தள்ளாடியது. சத்துக் குறைவு என்று எல்லோரும் நினைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. காதுக்குமே நியாயமான ஒரு சமாதானம் இருந்தது: சிஸ்பிளாட்டின் காதைக் கெடுக்கும், இரண்டு காதையும் சேர்த்தே கெடுக்கும், போனது திரும்பாது. ஆனால் அது பெரும்பாலும் கீச்சு ஒலியில் தொடங்கும். கீமோ முடிந்து மாதங்கள் கழித்து, சில வாரங்களுக்குள் எல்லா ஒலியையும் இப்படிச் சாய்க்காது. திடீரென்று வரும் நரம்புச் செவிடு அநேகமாக ஒரு காதில்தான் வரும். இரண்டிலும் அடுத்தடுத்து வந்தால், அதுவும் புற்றுநோய் வரலாறு உள்ளவருக்கு வந்தால், தலைக்குள் பார்த்தே ஆக வேண்டும். அந்த டாக்டர் மருந்து எதுவும் எழுதாமல், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

இனி அந்தச் சம்பந்தம். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மேலே மூன்று உறைகள் இருக்கின்றன: வெளியே கெட்டியான டியூரா மேட்டர், நடுவில் அரக்னாய்டு, உள்ளே மூளையோடு ஒட்டிய பியா மேட்டர். கடைசி இரண்டுக்கும் நடுவில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். மூளைத் தண்டுவடத் திரவம். மொத்தமே சுமார் 150 மில்லி. ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மில்லி சுரக்கிறது, அதே அளவு ரத்தத்தில் வடிகிறது. தினமும் மூன்று தடவைக்கு மேல் புதுத் தண்ணீர் மாற்றுகிற ஏற்பாடு. இதை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். 12 இணை கபால நரம்புகளையும் பெயர் சொல்லி ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அந்த நரம்புகள் மூளையின் அடிப்பாகத்திலிருந்து கிளம்பி மண்டையோட்டுத் துளைகளுக்குப் போகிற வழியில், கொஞ்ச தூரம் இந்த நீரில் நனைந்துகொண்டுதான் போகின்றன.

புற்றுச் செல்கள் ரத்தக் குழாய் வழியாகவோ, முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகள் வழியாகவோ, நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டோ இந்த நீருக்குள் வந்துவிட்டால், அங்கே கட்டியாகத் திரள வேண்டிய அவசியமே இல்லை. மிதக்கும். ஓட்டம் மெதுவாக இருக்கும் இடங்களில் படியும். மூளையின் அடிவாரமும் தண்டுவடத்தின் வால் முனையும் அப்படிப்பட்ட இடங்கள். காது நரம்பான எட்டாவது நரம்பு, மண்டையோட்டு எலும்புக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாய்க்குள்ளும் இதே நீர்தான், மறுமுனை அடைப்பு. போன செல்கள் அங்கேயே தங்கி நரம்புக்குள் ஊடுருவும். அதே குழாயில் கூடவே போவது முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு. பெரியம்மாவுக்குக் காது போன சில நாளில் வாய் ஒரு பக்கம் கோணியதும், ஒரு கண் மூடாமல் நின்றதும் அதனால்தான். "வாதம் அடிச்சிருச்சு" என்று பக்கத்து வீட்டில் புறா ரத்தத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

புற்று மூளை உறைகளுக்கும் அந்த நீருக்கும் பரவும் இந்த நோயை 1870இலேயே எபெர்த் என்கிற ஜெர்மன் நோய்க்குறியியலாளர் விவரித்திருக்கிறார், நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரைப் பரிசோதித்து. மார்பகம், நுரையீரல், மெலனோமா, இவற்றிலிருந்துதான் இது அதிகம் வரும். இரைப்பையிலிருந்து வருவது அபூர்வம். நூறு இரைப்பைப் புற்றுநோயாளிகளில் ஒருவருக்குக்கூட இல்லை. வந்தால் பெரும்பாலும் அந்த ஒட்டாத வகை, சிக்னெட் ரிங் செல். முன்பு ரிப்போர்ட்டில் யாரும் பொருட்படுத்தாத அந்த இரண்டு மூன்று சொற்கள்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தன.

எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்கக் காதுக் குழாய்களும் வெள்ளையாகப் பளிச்சிட்டன. வயிற்று ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. அண்ணனுக்கு இதுதான் தாங்கவே இல்லை. "வயித்துல இல்லாதது தலையில எப்படிங்க இருக்கும்?" என்று ஆங்காலஜி டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, விஷத்தைத் தடுப்பது போலவே கீமோ மருந்தையும் பெருமளவு தடுத்துவிடுகிறது. வயிற்றில், கல்லீரலில் இருந்த செல்களை மருந்து தேடி அழித்த அதே மாதங்களில், இந்த நீருக்குள் தப்பி வந்த சில செல்கள் மருந்து படாமல் பிழைத்திருக்கின்றன.

உறுதி செய்ய முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். இதற்குக் குடும்பத்தில் நடந்த மாநாட்டை எழுதினால் தனிப் பதிவாகும். "முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காம போயிரும்" என்று நாலு பேர், நாலு உதாரணத்தோடு. தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே. 1891இல் குயின்கே என்கிற ஜெர்மன் மருத்துவர் செய்து காட்டிய நாளிலிருந்து அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. எடுக்கிற பத்து மில்லியை உடம்பு அரை மணி நேரத்தில் ஈடுகட்டிவிடும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கால் யாரும் சமாதானம் ஆகவில்லை. பெரியப்பா, "அவ கஷ்டப்படறா, என்னான்னு தெரியட்டும்" என்றதால்தான் நடந்தது. நீரில் புரதம் கூடியிருந்தது, சர்க்கரை குறைந்திருந்தது, ஆனால் புற்றுச் செல் தெரியவில்லை. முதல் தடவையில் கண்ணில் படுகிற வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான், மறுபடி எடுப்போம் என்றார்கள். இரண்டாவது தடவை தெரிந்தது.

இந்த இடைவெளியில் பெரியம்மாவுக்குக் காது முழுக்கப் போயிருந்தது. கதவை அறைந்தால்கூடத் திரும்ப மாட்டார்.

இப்போது அவரை யாரும் வராண்டாவுக்கு அனுப்புவதில்லை. எதற்கு அனுப்ப வேண்டும்? அவர் எதிரிலேயே, படுக்கைக்கு இந்தப் பக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் டாக்டருமாக நின்று, எவ்வளவு நாள், அடுத்து என்ன, சொல்லலாமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் பேசினார்கள். அவர் வாயசைவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எனக்கு அந்த நாட்களில் நோயைவிட அதிகம் எரிச்சலூட்டியது இதுதான். காது கேட்காத ஒருவரை, ஆள் இல்லாத இடம் மாதிரி நடத்துவது நமக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது.

பேச ஒரு நோட்டு வைத்தோம். பெரியம்மா ஐந்தாம் வகுப்பு. தறிக்கு நூல் தார் சுற்றின கூலிக் கணக்கை வாராவாரம் தானே எழுதிவைத்த கை. பேப்பரை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவருக்குப் பேச்சு நன்றாக இருந்தது. அதனால் அவர் பேசுவார், நாங்கள் எழுதுவோம். தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கத்தான் பேசுவார். அவர் கேட்கும் கேள்வி வார்டு முழுக்கக் கேட்கும். பதிலை அவர் மட்டும் படிப்பார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு இது பெரிய சோதனை. "பாத்ரூமுக்கு இப்பத்தான போனேன்?" என்பது மட்டும் கேட்டால் கதை எப்படிப் புரியும்? ஒரு அம்மா எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தே விட்டார்.

பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தார் அக்கா வீட்டுக்காரர். எங்கள் கொங்குப் பேச்சுக்கு அது வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. "கஞ்சி குடிக்கறீங்களா" என்று பெரியப்பா கேட்டதற்குக் காஞ்சிபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெரியம்மா படித்துவிட்டு, "இப்ப எதுக்குக் காஞ்சிபுரம்?" என்றார். நோட்டுக்கே திரும்பினோம்.

நோட்டில் முதலில் எழுதியதெல்லாம் அண்ணன்தான். 'ஒண்ணுமில்ல.' 'காதுல சளி கட்டியிருக்கு.' 'மருந்து குடுத்தா சரியாயிரும்.' வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும் வாக்கியங்கள். நோட்டில் எழுதியதால் அப்படியே இருந்தன. பெரியம்மாவுக்கு வேறு வேலை இல்லை. பகல் முழுக்கப் பின்பக்கம் புரட்டிப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு பக்கங்களில் விரல் வைத்தார்.

"திங்கக்கெழம சளின்னு எழுதியிருக்கற. நேத்து நரம்பு வீக்கம்னு எழுதியிருக்கற. சளிக்கு எதுக்குடா முதுகுல ஊசி குத்துனாங்க?"

கூலிக் கணக்குப் பார்த்த கண். மேஸ்திரி எழுதிய மீட்டரையும் தான் எழுதிய மீட்டரையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டு வாங்கியவர். அவரிடம் எழுத்தில் பொய் சொல்லி மகன் தப்பிக்க முடியாது. அண்ணன் நோட்டை வாங்கி, எதுவும் எழுதாமல், வெளியே போய்விட்டார்.

மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து டிரிப்ஸ் பார்க்க வந்தது ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்.

"கேன்சருங்களா?"

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெரியம்மா அதையும் பார்த்தார். கையை விடவில்லை. அந்த டாக்டர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நோட்டை வாங்கிப் பெரிய எழுத்தில் எழுதினாள். 'ஆமாங்கம்மா. வயித்துல இருந்துச்சு. இப்ப மூளைக்கு வெளிய இருக்கற தண்ணியில இருக்கு. அதனாலதான் காது கேக்கல.'

விரல் வைத்துப் படித்தார். "சரியாவுங்களா?"

'முழுசா சரியாகாது. தலைவலி, வாந்தி குறைக்க மருந்து இருக்கு. காது திரும்ப வராதுங்கம்மா.'

அதையும் படித்தார். அழுவார் என்று நாங்கள் எல்லோரும் கிட்டே போனோம். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்ட அடுத்த கேள்வி டாக்டரிடம் அல்ல, அண்ணனிடம்.

"அப்பச் சீட்ட யாரு எடுத்து நடத்தறது?"

பெரியம்மா தெருவில் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். அவர் சீட்டு நடத்துவது எல்லோருக்கும் தெரியும். அதில் யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள், யார் எடுத்துவிட்டார்கள், யாருக்கு இன்னும் பாக்கி என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. தறி ஓட்டுகிற, தார் சுற்றுகிற, வாரக் கூலி வாங்குகிற பெண்களின் பணம். ஒருத்தி மகள் கல்யாணத்துக்காகச் சீட்டை எடுக்காமல் வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் தொடங்கி, தலைவலி விட்ட நேரமெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து நான் எழுதினேன். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை, அதன் ரசீது எந்த டப்பாவில், மருமகளுக்குத் தெரியாமல் மகளுக்குக் கொடுத்தது, மகளுக்குத் தெரியாமல் மருமகளுக்குக் கொடுத்தது, எல்லாம் வந்தன. இதில் கடைசி இரண்டையும் உரக்கத்தான் சொன்னார். மருமகள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சிகிச்சையைப் பற்றி. சிகிச்சை இல்லாவிட்டால் நாலு முதல் ஆறு வாரம், இருந்தால் சில மாதம் என்பதுதான் இந்த நோயின் பொதுவான கணக்கு. முதுகு வழியாக அந்த நீருக்குள்ளேயே மெத்தோட்ரெக்ஸேட் என்கிற கீமோ மருந்தைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் முதுகில் குத்தாமல் இருக்க, தலைத்தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழைப் பதித்து அதன் வழியாகக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஊரில் பிறந்த அயூப் ஒம்மாயா என்கிற நரம்பியல் அறுவை மருத்துவர் 1963இல் வெளியிட்ட யோசனை அது, இன்றும் அவர் பெயரிலேயே ஒம்மாயா ரிசர்வாயர் என்கிறார்கள். அதைப் பற்றி நோட்டில் படம் போட்டு விளக்கினேன். பெரியம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்டையில ஓட்டை வேண்டாம்" என்றார். தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் ஆரம்பித்ததும் தலைவலி நன்றாகக் குறைந்து, பசி எடுத்து, ஒரு நாள் கொள்ளுப் பருப்பு கேட்டுச் சாப்பிட்டார். நீரில் செல்கள் குறைந்தன என்றார்கள். காது வரவில்லை.

மூன்றாவதோ நான்காவதோ முதுகு ஊசிக்குப் பிறகு, "போதும், ஊட்டுக்குப் போலாம்" என்றார். இந்த முறை அவரிடமே கேட்டுத்தான் முடிவெடுத்தோம். அண்ணனும் நோட்டில் எழுதினார்: 'ஊசி போட்டா இன்னும் கொஞ்ச நாள் இருப்பம்மா.' அவர் படித்துவிட்டு, "இந்தக் கொஞ்ச நாளு அங்க இருக்கறேன்" என்றார்.

வீட்டில் மார்ஃபின் மாத்திரை இருந்தது. அதற்கே ஒரு அலைச்சல். 2014இல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்தி வலி நிவாரணத்துக்கு மார்ஃபின் கிடைப்பதைச் சுலபமாக்கியிருக்கிறார்கள் என்பது எல்லா மருந்துக் கவுண்டருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில்தான் கடைசியில் கிடைத்தது. கண்ணில் ஒன்று இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் (கண்ணை அசைக்கும் நரம்பும் அதே நீர் வழியாகத்தான் போகிறது) ஒரு கண்ணைத் துணியால் மூடி, பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல் என்று எழுதினோம். பிறகு அதுவும் முடியாதபோது உள்ளங்கையில் விரலால் எழுதினாள் பேத்தி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. பள்ளியில் பழகுகிற சொற்களாகவே எழுதுவாள், மரம், படம், பட்டம் என்று. பெரியம்மா ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி, சரியா என்று அவள் கையைத் தட்டிக் கேட்பார். தவறாகச் சொன்னால் பிள்ளை மறுபடி எழுதும்.

பொங்கல் தாண்டி இருந்தார். தை முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாளே அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். எழுதியிருந்த கணக்கில் ஒரு வீட்டில் மட்டும் இருநூறு ரூபாய் வித்தியாசம் வந்தது. அந்தப் பெண் தன் பக்கம்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சீட்டு வைத்திருந்தவளுக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் அந்தப் பயிற்சி டாக்டர் எழுதியிருக்கக் கூடாது என்றுதான் அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். போன மாதம் ஒரு விசேஷத்தில் பார்த்தபோதும் அதே பேச்சு. "தெரியாமப் போயிருந்தா நிம்மதியாப் போயிருப்பாங்க." தெரிந்த பிறகுதான் அவங்க தூங்கினாங்க என்று நான் சொன்னேன். அது ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையால் என்றார். மாத்திரை அதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தாயிற்று, நோட்டில் தேதி இருக்கிறது என்றேன். நோட்டு தன்னிடம் இல்லை, திருப்பூரில் இருக்கிறது, அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.